ஒரு நாள் மட்டும் நடுங்காத கை

நான் குடிகாரன் இல்லை. இதை இருபது வயதிலிருந்து சொல்லி வருகிறேன், ஒருவரும் நம்பியதில்லை. எதையாவது தூக்கினால் என் கை நடுங்கும். கலியாண வீட்டில் பாயசக் கிண்ணத்தை வாங்கினால் பாதி என் சட்டைக்குத்தான். உடனே பக்கத்துக் கதிரைக்காரர் என்னை மோந்து பார்ப்பார். (மணம் வராவிட்டால், 'மணக்காத சாமானாக்கும்' என்பார். இவர்களை என்ன செய்வது?)

இந்த லட்சணத்தில், நான் இருக்கும் இத்தாலியின் பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் சுபா. ஒரு வயதான இத்தாலியரைப் பராமரிக்கும் வேலை. நம்மவர் வழக்கப்படி அவளுடைய அப்பா என்னைப் பற்றி பலெர்மோ முழுக்க விசாரித்தார். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: "நல்ல பெடியன். ஆனா குடி."

படத்தில் சுபாவைப் பார்த்த எனக்கோ, இது தவறினால் வேறு கலியாணமே வேண்டாம் என்றிருந்தது. "நேரிலை பாத்துத்தான் முடிவு" என்று சுபாவின் அப்பா ஞாயிறு பின்னேரம் வரச் சொன்னார்.

பலெர்மோவின் சீசா பகுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வம் ஒரு வழி சொன்னான். "எங்கடை ரெஸ்டோரண்ட் குசினிக்காரனுக்கும் இதே நடுக்கம். ரெண்டு கிளாஸ் வைன் போட்டா கை அசையாது."

குடிகாரன் என்ற பெயரைப் போக்கக் குடிக்கச் சொல்கிறான்! அவனை அறைந்திருக்க வேண்டும். மூன்று கிளாஸ் குடித்தேன். (முதல் தடவை அல்லவா, எதற்கும் ஒன்று கூடுதலாக.) ஏலக்காயை மென்றபடி ரயிலேறினேன்.

சுபா கொண்டுவந்த தேத்தண்ணி விளிம்புவரை நின்றது. எல்லாம் என் கையைச் சோதிக்க அவள் அப்பா செய்த ஏற்பாடு. எழுந்து நின்று வாங்கினேன். ஒரு துளி சிந்தவில்லை.

"ஆர் சொன்னது இவர் குடிக்கிறவர் எண்டு? கையைப் பாருங்கோ!" என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிக்காத நாளெல்லாம் குடிகாரன், குடித்த அன்று யோக்கியனா? வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வைன் விடவில்லை.

"மாமா!" என்றேன். (அதற்குள் மாமா!) "அந்தச் சனம் முழுக்கப் பொய்! நான் குடிக்கிறதே இல்லை. இண்டைக்கு மட்டும்தான், உங்களுக்காக, மூண்டு கிளாஸ் குடிச்சனான்!"

சொல்லிவிட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தேன். கதிரை சற்றுத் தள்ளி இருந்தது. நான் தரையில், தேத்தண்ணி மாமாவின் மடியில்.

"எழும்பும்! வெளியாலை போம்!"

சுபா குறுக்கே வந்தாள். "பொறுங்கோ அப்பா." என்னிடம் திரும்பினாள். "கை எப்ப நடுங்கும்? சும்மா இருக்கேக்கையோ, தூக்கேக்கையோ?"

"தூக்கேக்கை."

"நான் பாக்கிற ஐயாவுக்கு பார்க்கின்சன். அவருக்குக் கை மடியிலை சும்மா கிடக்கேக்கைதான் கூட நடுங்கும். இது வேறை போலை கிடக்கு. டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

அத்தனை வருடங்களில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மோந்து பார்க்கத் தெரிந்த சனத்துக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை! தரையில் இருந்தபடியே அழுதுவிட்டேன். (வைன் அழுகை என்றார் மாமா.)

சுபா சொன்னபடி போய்ப் பார்த்த நரம்பு மருத்துவர் தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்தது முறுக்குப் பிழியத் தெரியாதவன் பிழிந்த முறுக்கு. பார்க்கின்சன் இல்லை, இது வேறு நடுக்கம், பரம்பரையாகவும் வரும் என்றார். வைன் கொஞ்ச நேரம் அடக்கினாலும் பிறகு நடுக்கம் கூடுமாம், அதை மருந்தாக்காதே என்று திட்டி, மாத்திரை எழுதித் தந்தார். நடுக்கம் குறைந்தது, போகவில்லை.

சுபா இப்போது என் மனைவி. எனக்கு எப்போதும் தேத்தண்ணி அரைக் கோப்பைதான் ஊற்றுவாள். அதிலும் கொஞ்சம் சிந்தும். அதற்காகவே காத்திருப்பவர் போல, வந்திருக்கும் விருந்தாளிகளிடம் மாமா பெருமையாகச் சொல்வார்:

"பாருங்கோ, சிந்துது. மருமோன் இண்டைக்கும் குடிக்கேல்லை."