இடது கைச் சேவல்

சேவலின் வாலில் மீன் கறி கொட்டிவிட்டது.

"யாரு இத மேசையில வச்சது?" என்று கத்தினான் அக்மல்.

வைத்தது அவன் மகள் நூருல். பாலர் பள்ளியிலிருந்து அவள் கொண்டுவந்த, வண்ணம் தீட்ட வேண்டிய தாள் அது. கொட்டியது அக்மல். ஆனால் அவன் கத்துவதற்கு அதெல்லாம் ஒரு தடை இல்லை. காலையில் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கத்துவான், மாலையில் பாலத்து நெரிசலை நினைத்துக் கத்துவான்.

"படிக்க அனுப்புனா பெயிண்ட் அடிக்கச் சொல்றாங்க. இதுக்கு ஒரு ஸ்கூலு!"

"கோடு தாண்டாம அடிச்சுப் பழகுனாத்தான் லா வெரலு சொன்னபடி கேக்கும். அப்பத்தான் எழுத்து வரும்," என்றாள் மனைவி ஃபரா. "இப்ப புள்ள நாளைக்கு எதக் கொண்டுபோவும்?"

நூருல் உதட்டைப் பிதுக்கினாள். அக்மலுக்கு மனசு தாங்கவில்லை. சூலியா தெருவில் போட்டோஸ்டேட் கடை வைத்திருப்பவன்; வீட்டில் தாளுக்குப் பஞ்சமில்லை. கறி படிந்த சேவலைப் பார்த்து இன்னொரு சேவல் வரைந்தான். வரைந்ததோடு விட்டிருக்கலாம். வாலுக்குக் கொஞ்சம் பச்சை போட்டுப் பார்த்தான். பிறகு நீலம். முக்கால் மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை.

மறுநாளும் நூருல் ஒரு தாளோடு வந்தாள்.

"நீங்களே அடிங்க அத்தா. நீங்க அடிச்சாத்தான் அழகு."

அடித்தான். அதற்கு மறுநாளும் அடித்தான். நான்காம் நாள் ஃபரா எட்டிப் பார்த்தாள்.

"அலாமாக்! இது ஆறு வயசுப் புள்ளயோட கையா? டீச்சர் பாத்தவொடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

நியாயமான பேச்சு. அக்மல் பென்சிலை இடது கைக்கு மாற்றினான். அன்றைக்கு வந்ததும் சேவல்தான். லாரியில் அடிபட்ட சேவல் மாதிரி ஆகிவிட்டது.

"நேத்து வரைக்கும் நல்லா அடிச்ச புள்ள இன்னைக்கு இப்படி அடிச்சா என்ன நெனைப்பாங்க?" என்றாள் ஃபரா.

அதையும் சரிசெய்தான். அடுத்த நாள் வந்த மீனுக்குத் தலைப்பக்கம் வலது கை, வால்பக்கம் இடது கை. பார்த்தவர்களுக்கு அது இரண்டு மீன். நூருல் அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து சொன்னாள்: "அத்தா, டீச்சர் ஒங்கள வரச் சொன்னாங்க."

அக்மல் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

"புள்ளைக்குக் கை வரலன்னு அடுத்த வருஷம் ஒண்ணாம் ஆண்டுக்கு அனுப்பாம விட்டாங்கன்னா, ஒங்கள நான் சும்மா விட மாட்டேன்," என்றாள் ஃபரா. சொன்னால் செய்பவள்.

பள்ளியில் டீச்சர் சித்தி ஹாஜரா நாற்காலியைக் காட்டினார். அக்மல் உட்காரவில்லை.

"டீச்சர், புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான்தான். மொதல்ல வலது கை, அப்புறம் இடது கை. அவள மட்டும் நிறுத்தி வச்சிடாதீங்க."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூருலின் ஃபைலை எடுத்துப் பிரித்தார். பூனை, கப்பல், மங்குஸ்தான். ஒன்றில்கூட நிறம் கோட்டைத் தாண்டவில்லை.

"நூருலுக்குக் கை நல்லா வருதே! பேரக்கூட அழகா எழுதுறா. கலர் அடிக்கிறதெல்லாம் இங்கேயே முடிஞ்சிடும். வீட்டுக்கு நாங்க தாளே குடுக்கிறதில்லயே."

"பின்ன எதுக்கு டீச்சர் என்னக் கூப்பிட்டீங்க?"

"இந்த மாசம் கலர் அடிக்கிற தாள் என்னமோ சீக்கிரமா தீந்து போச்சு. ஒங்க கடையில கொஞ்சம் அடிச்சுத் தருவீங்களான்னு கேக்கத்தான்."

அக்மல் இப்போது உட்கார்ந்தான். "அப்ப தெனமும் எங்க வீட்டுக்கு வந்த தாளு?"

வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா சலேஹா அக்கா துடைப்பத்தை நிறுத்தினார்.

"நான்தான் தம்பி குடுத்தேன். மொத நாளு அவளுக்குன்னு கேட்டா. அதுக்கப்புறம் தெனம் வந்து நிக்கிறா, 'எங்க அத்தாவுக்கு ஒண்ணு குடுங்க, கலர் அடிக்கிறப்ப மட்டுந்தான் அவரு கத்த மாட்டாரு'ன்னு."