எதிர் ரூமில் கொடுத்த சாவி

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். இருபத்தோரு வயது வரை நான் எந்த ஓட்டலிலும் தங்கியது கிடையாது. ஓட்டல் என்றால் எனக்கு நெய் ரோஸ்ட், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் அக்காவுக்குக் கல்யாணம். பம்பாயிலிருந்து வந்த மாப்பிள்ளையையும் அவரைப் பெற்றவர்களையும் குரோம்பேட்டையில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டலில் தங்க வைத்திருந்தோம். "காலையில அவங்க கிளம்பினதும் ரூமைக் காலி பண்ணி, சாவியக் குடுத்துட்டு மண்டபத்துக்கு வந்துடு" என்றார் அப்பா. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டையே என்னிடம் ஒப்படைத்த மாதிரி இருந்தது.

அடேயப்பா, அந்தச் சாவி! பெரிய பித்தளைக் கட்டையில் 204 என்று செதுக்கியிருந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பூட்டுகூட அவ்வளவு கனம் கிடையாது.

ஏழு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். நான் ஃபேனை நிறுத்தி, கதவைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எதிர் ரூம் கதவைத் தட்டினேன். (சிரிக்காதீர்கள். எங்கள் காலனியில் வீட்டைப் பூட்டினால் சாவி எதிர் வீட்டுக்குத்தான் போகும். ஊரிலிருந்து சொல்லாமல் வரும் சித்தப்பாகூட நேராக அங்கேதான் போய் நிற்பார்.)

முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் கதவைத் திறந்தார்.

"சார், 204 சாவி. யாராவது கேட்டா குடுத்துடுங்க."

"வச்சுட்டுப் போப்பா" என்றார். ஒரு கேள்வி இல்லை. அவருக்காவது புத்தி இருந்திருக்கலாம்.

எட்டரை மணிக்கு மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, தாலி டப்பா! ரூம் அலமாரியிலேயே விட்டுட்டேனே!" பத்தரையோடு முகூர்த்தம் முடிகிறது. பட்டுப்புடவையில் இருந்த அக்கா என்னைப் பார்த்தாள்.

ஆட்டோவில் பறந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், "204 சாவி இன்னும் வரலியே சார்" என்றார்.

"எதிர் ரூம்ல குடுத்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னா சார் பேஜார் பண்றீங்க? அவரு அப்பவே காலி பண்ணிக்கினு போயிட்டாரு!"

"டூப்ளிகேட்?"

"ஓனர் வூட்ல கீது. ஓனர் திருப்பதில."

மாடிக்கு ஓடி, எதிர் ரூமான 203-க்கு முன்னால் பேயடித்தவன் போல் நின்றேன். அப்போது இரண்டு ரூம் தள்ளி ஒரு கதவு திறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். கையில் அந்தப் பித்தளைக் கட்டை!

"204-ஆ தம்பி? எதிர் ரூம்காரர் பக்கத்து ரூம்ல குடுத்துட்டுப் போனாராம். அவங்களும் காலி பண்றப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க."

"நீங்க வருவீங்கன்னு டிபனுக்குக்கூட இவ என்னை விடல" என்றது உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல்.

மூன்று ரூம், முன்பின் தெரியாத மூன்று குடும்பங்கள். நான் யார், எவன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்படியே அந்த அம்மாவின் காலில் விழுந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

முகூர்த்தம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாலி ஏறியது. நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டிருந்த அப்பா, அட்சதையைப் போட்டுவிட்டு என் காதில் கேட்டார்: "சாவிய இந்தத் தடவையாவது கவுன்ட்டர்ல குடுத்தியாடா?"

நான் மேளக்காரரைப் பார்த்தேன். டப்பாவை எடுத்து, ரூமைப் பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்து, சாவியை மறுபடியும் அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் இன்றும் எது தொலைந்தாலும், "எதிர் ரூம்ல கேட்டியா மச்சான்?" என்பார் அக்கா வீட்டுக்காரர். எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா மட்டும் தாலியைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: "பாவிப் பயலே, மறுபடியும் சாவியக் குடுத்துட்டு வந்துட்டியே. அந்தம்மா அன்னைக்கு டிபன் சாப்பிட்டாங்களோ இல்லையோ?"