ஸ்டீவ் பச்சையாக்கிய வரிகள்

மறுபடியும் எழுபத்தாறு. ஸ்டீவ் கணினித் திரையை முறைத்துப் பார்த்தான்.

தி. நகரில் ஒரு பட்டுக்கடைக்காகத் தரமணி அலுவலகத்தில் எழுதிய நிரல் அது. சோதனைகளை ஓட்டினால், நிரலில் எந்தெந்த வரிகள் ஓடின என்று ஓர் அறிக்கை வரும். ஓடியவை பச்சை, ஓடாதவை சிவப்பு. எண்பது சதவீதமாவது பச்சையாக இருந்தால்தான் புதிய பதிப்பு கடைக்குப் போகும்.

"எண்பது வரலன்னா லீவு கிடையாது," என்று டீம் லீட் ஷண்முகப்ரியா காலையிலேயே சொல்லிவிட்டாள். ராத்திரி வேளாங்கண்ணிக்கு ரயில். தக்காளி சாதம் கட்டியாகிவிட்டது என்று மனைவி ஃப்ளோரன்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

இன்னொரு சோதனை எழுதினான். அது இதுவரை கணக்கிலேயே வராத ஒரு பழைய கோப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. ஐம்பத்தேழு.

"இன்னா மச்சி, எழுத எழுதக் கொறஞ்சிக்கினே போவுது?" பக்கத்து இருக்கை சக்திவேல் சிரித்தான்.

அந்தக் கோப்பு முழுக்கச் சிவப்பு. தைத்து முடித்த ரவிக்கைகளை வந்து வாங்கிக்கொள்ளும்படி வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவெல்லாம் நேரமில்லை. ஓடினால் போதும், பச்சையாகிவிடும். ஓட்டினான். எண்பத்திரண்டு.

சாயங்காலம் பையைத் தோளில் மாட்டும்போது ஷண்முகப்ரியா வந்து நின்றாள்.

"ஸ்டீவ், டம்மி நம்பர் வெச்சுத்தானே ஓட்டுன?"

வைக்கவில்லை. செய்தி நிஜ வாடிக்கையாளர்களுக்கே போயிருந்தது.

"கடை வாசல்ல ஒரே கூட்டமாம்."

"இதோ, சரி பண்ணிடறேன்." 'முந்தைய செய்தி தவறு. வர வேண்டாம்' என்று எல்லோருக்கும் அனுப்பினான். அதுவரை வீட்டில் இருந்தவர்களும், துணிக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக் கிளம்பினார்கள்.

கடையின் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தங்கபுஷ்பம் போனில் வந்தார். ஷண்முகப்ரியா ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள். "நீயே பேசு."

ஸ்டீவுக்கு ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது. "மேடம், தப்பு என்னோடதுதான். இனிமே அந்த மெசேஜ் வராது."

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. தெச்ச துணி மூட்டை மூட்டையா கெடந்துச்சு. இன்னைக்குத்தான் அலமாரி காலியாவுது. மொதலாளிக்கு ஏக சந்தோசம்."

ஷண்முகப்ரியா வாசலைக் கை காட்டினாள். "கிளம்பு. ரயில விட்டுடாத."

ஸ்டீவ் போனருகே குனிந்தான். "இவ்வளவு நாளா ஏன் மேடம் யாரும் வந்து வாங்கல?"

"மெசேஜே வரலன்னு எல்லாரும் சொல்லத்தான் செஞ்சாங்க. கம்ப்யூட்டர் அனுப்பாம இருக்குமான்னு, நான்தான் தம்பி ரெண்டு வருசமா அவங்களோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்."