பதினெட்டாயிரம் சாட்சிகள்

பெரிய குற்றத்தை மறைக்கப் பொய் சொல்பவர்கள் சிலரே. சொல்லக் கூசும் சின்ன விஷயத்தை மறைக்கத்தான் பெரும்பாலோர் பொய் சொல்கிறார்கள். மயிலாப்பூரில் நாற்பது ஆண்டுகளாக யோக்கியன் என்று பெயரெடுத்த நான், அந்தப் பெயருக்குப் பங்கம் வரினும் வருக என்று இதை எழுதுகிறேன். (என் மனைவி எப்படியும் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.)

1930களின் தொடக்கத்தில் தர்க்க சாஸ்திரத்தில் ஆனர்ஸ் தேறியிருந்தேன். எனக்குத் தெரியாதது உலகில் இல்லை என்ற எண்ணமும் கூடவே தேறியிருந்தது. புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தியாகராய நகரில் ஒரு டாக்டரின் மகளைப் பெண் பார்க்க, என் தந்தையும் நானும் போவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கொரு கட்டி புறப்பட்டது. எங்கே என்று எழுத மாட்டேன். ஜட்கா வண்டியில் வழிநெடுக ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனேன் என்றால் போதும்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் சுவரிலிருந்த படங்களை ரசிக்கலானேன். இருந்தவை மூன்றே படங்கள். மூன்றாவது சுற்றில் டாக்டர் ஏன் நிற்கிறேன் என்று கேட்டார். வயிற்று வலி என்று வலப்பக்கம் கீழே கையை வைத்தேன். குடல்வால் நோய், அதாவது அப்பெண்டிசைடிஸ், எங்கள் கல்லூரி முதல்வருக்கே வந்திருந்ததால், கௌரவமானதாகப் பட்டது.

டாக்டருக்கு மைக்ராஸ்கோப் என்றால் உயிர். அதை வீட்டிலேயே வைத்திருந்தார். என்னை ஊஞ்சல் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். (படுத்ததும் வந்த முனகல் மட்டும் நிஜம்.) விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனார். ஒன்றுமில்லை என்று திரும்புவார், மெல்லக் கிளம்பிவிடலாம் என்பது என் தர்க்கம்.

திரும்பியவர் முகத்தில் சிரிப்பில்லை.

"வெள்ளை அணு ஏழெட்டாயிரம் இருக்கணும். பதினெட்டாயிரம் இருக்கு. உள்ளே சீழ் வெச்சிருக்கு. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணலேன்னா வெடிச்சுடும்" என்றார் என் தந்தையிடம்.

ரத்தம் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. சீழ் எங்கே என்பதைச் சொல்லத்தான் அதனால் முடியவில்லை. சொல்லவேண்டியவன் நான்.

டாக்டர் காரை எடுக்கச் சொன்னார். என் தந்தை கோர்ட்டில் சிரஸ்தார், குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். ஜட்ஜுக்கு முன்னால்கூட அளவாகத்தான் குனிவார். அவர் டாக்டரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "ஒரே பிள்ளை" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வயிற்றைக் கிழித்தாலும் மானம் போகக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவருகே பலகாரத் தட்டோடு நின்ற பெண், கல்லூரியில் முதலாண்டு படிப்பவள், யாரும் கேட்காமலே பேசினாள்.

"அப்பா, அவர் வந்ததுலேருந்து ஒக்காரவே இல்லை. வயத்து வலின்னா சுருண்டுண்டு ஒக்காரத்தானே தோணும்? வலி வேற எங்கேயோ இருக்குப்பா."

நான் மூன்று முறை இருமிவிட்டு ஒப்புக்கொண்டேன். டாக்டர் என்னை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தி, ஐந்து நிமிஷத்தில் கட்டியைக் கீறிவிட்டார். வெளியே வந்தபோது என் தந்தை அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீடுவரை ஜட்காவில் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்து வந்தார்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். பத்தாம் நாள் பெண்ணுக்குச் சம்மதம் என்று கடிதம் வந்தது. ("வியாதியைக் கண்டுபிடிச்சவளே பாதியில விட்டுட்டுப் போலாமா?" என்பது அவள் பின்னாளில் சொன்ன காரணம்.)

அன்றுமுதல் எங்கள் வீட்டில் யார் எந்தச் சாக்குச் சொன்னாலும், "ரத்தம் எடுத்துப் பாத்துடலாமா?" என்றுதான் கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துவைப்பேன். என் தந்தை மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதில்லை. பல வருஷம் கழித்து, நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது, "அன்னிக்கு நான் டாக்டர் கையைப் பிடிச்சுண்டேனே, நீ பாத்துண்டுதானே இருந்தே?" என்று கேட்டார்.

"கண்ணை மூடிண்டிருந்தேன், ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாமா?" என்றார். அவர் சிரிக்கவில்லை.