கூச்சிங்கில் ஒரு திடீர் அண்ணன்

"செத்தது யாருங்க?" என்று டெலிபோனில் அந்தப் பெண் மலாய் மொழியில் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

லூயிஸ் திருதிருவென்று விழித்தார். அவர் கைவசம் அப்போது யாரும் செத்திருக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரி லோரியை இருபத்தெட்டு வருஷமாக ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயதுக்குள் பொய் என்று பெரிதாக எதுவும் சொன்னதில்லை. யோக்கியம் ஒன்றும் இல்லை, சொன்னால் உடனே மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை காலை, ரிங்லெட் டவுனில் கமருஸ்ஸமான் பாயின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து விமானக் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார். சனிக்கிழமை கூச்சிங்குக்கு ஒரு சீட்டு, அதுதான் அவர் கேட்டது. விடுமுறை வாரம், திங்கட்கிழமை வரை எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள் அவள். "குடும்ப அவசரம்மா!" என்று இவர் கெஞ்சியதும் அவள் குரல் உருகிவிட்டது. வீட்டில் இழவு விழுந்தவர்களுக்கென்று ஒன்றிரண்டு சீட்டு தனியாக வைத்திருப்பார்களாம். கட்டணமும் குறைவாம். ஆனால் செத்தது யார் என்று சொல்லியாக வேண்டும்.

"பெரியப்பா," என்றார் லூயிஸ்.

"மன்னிக்கணும், பெரியப்பாவுக்குக் கிடையாது. அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, கூடப் பிறந்தவங்க. இவங்களுக்கு மட்டும்தான்."

அப்பாவும் அம்மாவும் போய்ப் பல வருஷமாகிறது. பெண்டாட்டியைச் சொல்ல வாய் கூசியது. பிள்ளை என்று நினைத்ததுமே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணன்," என்றார். "சிலுவைநாதன்."

"ஆழ்ந்த அனுதாபங்கள்."

"தேங்க்யூ, தேங்க்யூ," என்று லூயிஸ் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்.

நாளை மாலை ஏர்போர்ட் கவுண்டரில் ஐசி என்கிற அடையாள அட்டையையும் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதத்தையும் காட்டினால் சீட்டு தருவார்கள். இறப்புச் சான்றிதழை ஏழு நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஏழு நாள் என்பது லூயிஸுக்கு எங்கோ ஏழு வருஷம் தள்ளி இருக்கிற மாதிரி இருந்தது.

"ஒனக்குத்தான் கூடப் பொறந்தது ஒண்ணுமே இல்லையே லா," என்றார் கமருஸ்ஸமான், தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே.

"இப்பத்தான் பொறந்தாரு, பாய். பொறந்த கையோட போய்ட்டாரு."

கமருஸ்ஸமான் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். லூயிஸின் ஒரே மகள் கிளாரிசா கடல் தாண்டி, சரவாக் மாநிலத்துக் கூச்சிங்கில் நர்ஸாக இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மார்க் என்ற, அந்த ஊர் இபான் இனத்துப் பையனை ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அதற்கப்புறம் அப்பனுக்குப் போன் போட்டாள். பையன் நல்ல பையன்தான். ஆனால் ஒரு வார்த்தை முன்னால் கேட்கவில்லையே! லூயிஸ் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னால், "நான் அவளத் தலமுழுகிட்டேன். என் வீட்டுலேருந்து ஒரு ஈ காக்கா அங்க போகக் கூடாது!" என்று கத்தினார். பெண்டாட்டி பிலோமி மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்று வருஷம் வீராப்பாக ஓடிவிட்டது. போன வாரம் பிலோமி குளிக்கப் போயிருந்தபோது அவள் போனில் டிங் என்று ஒரு படம் விழுந்தது. துணியில் சுற்றிய பேத்தி. மூக்கு லூயிஸின் மூக்கு, சந்தேகமே வேண்டாம். அடியில், 'ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அப்பாகிட்ட சொல்லாதேம்மா.' அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. போகவேண்டும், பிள்ளையைத் தூக்கவேண்டும். ஆனால் போனது பிலோமிக்கும் தோட்டத்துக்கும் தெரிந்தால் மானம் கப்பலேறும். நல்லவேளையாக பிலோமி இன்று விடியற்காலையிலேயே புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பிவிட்டாள். திரும்பிவர செவ்வாய்க்கிழமை ஆகும். கோயில்காரர்கள் முக்கால்வாசிப் பேரும் அங்கேதான்.

"ஒரு பொய்தானே, பாய்," என்றார் லூயிஸ்.

"ஒண்ணோட நிக்கிற சாமானா அது?" என்றார் கமருஸ்ஸமான்.

நிற்கவில்லை. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி குணாளன் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்தவர், அப்படியே நிமிர்ந்தார்.

"அண்ணனா? பழைய ஃபைல்ல ஒங்கப்பா அந்தோணிசாமிக்கு ஒரே புள்ளைன்னுல்ல இருக்கு?"

லூயிஸுக்கு வியர்த்தது. கேமரன் மலைக் குளிரில் வியர்த்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இது… அப்பாவோட மூத்த சம்சாரத்துப் புள்ள, கிராணியாரே."

பேனா கீழே விழுந்தது. காலஞ்சென்ற அந்தோணிசாமி சாமானியப்பட்டவரா? கோயிலில் பாட்டுக்காரர். தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. தேயிலைக் காட்டில் பெண்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து அவருக்கு ஒரு சம்சாரம் முளைத்துவிட்டது.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்றார் லூயிஸ்.

"சேச்சே! நான் ஏன் லா சொல்றேன்?"

லூயிஸ் லயத்து வரிசை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் பக்கிரிசாமி. பழைய கங்காணி, இப்போது துக்க சங்கத் தலைவர். எந்த லயத்து வீட்டுச் சாவாக இருந்தாலும் தோட்டத்து மலர்வளையம் போகாமல் இருக்காது. முப்பது வருஷத்தில் ஒரு சாவைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

"தம்பி! எங்ககிட்ட மறைக்கலாமா? அண்ணன்னா அண்ணன்தான், மூத்த குடி என்ன, எளைய குடி என்ன?" என்று லூயிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பிலோமிக்குச் சொல்லிட்டியா?"

"வேணாம், கங்காணியாரே! பிரார்த்தனைக்குப் போயிருக்கா…"

அதற்குள் பக்கிரிசாமி போனைக் காதில் வைத்துவிட்டார். லூயிஸின் உயிர் தொண்டைக்கு வந்தது. "ஆஃப் ஆயிருக்கு," என்றார் அவர். போன உயிர் திரும்பியது. அன்னம்மாளுக்கு மனசுக்குள்ளேயே ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

"மலர்வளையத்துக்குத் திரிங்காப் பூத்தோட்டத்துல சொல்லிட்டேன். பேனரும் அடிக்கிறோம். அண்ணன் போட்டோ குடு."

"போட்டோ… இல்லையே."

"கூடப் பொறந்தவன் போட்டோகூட இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை லூயிஸுக்குப் பிடிக்கவில்லை. "அனுப்பச் சொல்றேன்!" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கமருஸ்ஸமானிடம் பறந்தார்.

"பாய், அவசரமா ஒரு கெழவன் மூஞ்சி வேணும்."

கமருஸ்ஸமான் தாடியைத் தடவினார். அவர் போனில் ஒரு விளையாட்டு இருந்தது. ஆளைப் படமெடுத்தால் வயசாக்கிக் காட்டும். லூயிஸைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு கிளிக். பத்து வருஷம் கூட்டினார், மீசையை நரைக்கவிட்டார், தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டு இன்னொரு கிளிக்.

"அலாமாக்! சிலுவைநாதன் வந்துட்டாரு!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சாயங்காலம் பேனர் வந்தது. ஆள் உயரம். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் கிழட்டு லூயிஸ். பக்கிரிசாமி பேனரையும் பார்த்தார், லூயிஸையும் பார்த்தார்.

"அச்சு அசல் ஒன் மூஞ்சி லா! ரத்தம் பொய் சொல்லுமா?" என்று பக்கிரிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பாரு சொல்லுவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒங்கப்பா ரெண்டு வருசம் ரோடு போடப் போறேன்னு சரவாக் போனாராம். ரோடா போட்டாரு?"

அப்பா சரவாக் போன விஷயமே லூயிஸுக்கு இப்போதுதான் தெரியும். ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமா? பெண்டாட்டி இல்லாத ருசிக்கு ஒரு கோழி வாங்கி வைத்திருந்தார். இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று பக்கத்து வீட்டார் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கோழி பாட்டுக்கு ஐஸ்பெட்டியில் கிடந்தது. ஒவ்வொருவரும் சிலுவைநாதன் எப்படிச் செத்தார் என்று கேட்டார்கள். முதலில் கேட்டவருக்கு மாரடைப்பு என்றார். அடுத்தவருக்கு மறந்துபோய் சக்கரை வியாதி என்றார். மூன்றாமவரிடம் ஆற்றில் விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். கடைசியில் மூன்றையும் சேர்த்து, சக்கரை வியாதிக்காரருக்கு ஆற்றங்கரையில் மாரடைப்பு வந்தது என்று பக்கிரிசாமியே ஒழுங்கு பண்ணிக்கொடுத்தார்.

மறுநாள் காலை கிளம்பும்போது வாசலில் வேன் நின்றது. லோரி டயர் அளவுக்குச் சாமந்தி மலர்வளையம், சுருட்டிய பேனர், கறுப்புச் சட்டையில் குணாளன், வெள்ளை வேட்டியில் பக்கிரிசாமி.

"நான் பஸ்ஸுலயே போய்க்கிறேனே…"

"ஒத்த ஆளா அனுப்பிடுவோமா? பிளேன்ல ஏத்தி விட்டுட்டுத்தான் திரும்புவோம்," என்றார் பக்கிரிசாமி.

கமருஸ்ஸமானும் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஏறிக்கொண்டார். "நான் இல்லன்னா நீ ஒளறிடுவே," என்று லூயிஸின் காதில் ஓதினார்.

தாப்பா இறக்கத்து வளைவுகளில் வேன் இறங்கிக்கொண்டிருந்தபோது பக்கிரிசாமி தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, பெரியவன் சொல்றேன், கோவிச்சுக்காத. ஒன் மவளும் அதே ஊருலதானே இருக்கா? போறதே போற, அப்படியே அவ வீட்டுக்கும் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வா. சாவுக்குப் போன எடத்துல பகை பாராட்டக் கூடாது. தோட்டத்துல யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் பாத்துக்கறேன்."

லூயிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது. மூன்று வருஷமாக இப்படி யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவர்தானே! இதற்காகவா ஒரு அண்ணனைப் பெற்றுக் கொன்று, செத்த அப்பாவின் பெயரைக் கெடுத்தோம் என்று நினைத்தபோது அழுகை இன்னும் பொங்கியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கமருஸ்ஸமான் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"அழட்டும் விடுங்க. அண்ணன் பாசம்," என்றார் குணாளன்.

ஏர்போர்ட்டில் மலர்வளையத்தைப் பார்த்ததும் சனம் தானாக விலகி வழிவிட்டது. பெட்டி தள்ளிக்கொண்டு போன ஒரு சீனக் கிழவர் தொப்பியைக் கழற்றினார். கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் சாந்தினி என்று பெயர் இருந்தது. தமிழ்ப் பிள்ளை! லூயிஸுக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது.

"வாங்க ஐயா, உக்காருங்க. கூச்சிங்தானே? சிலுவைநாதன்… அண்ணன்," என்று அவள் இதமாகப் பேசினாள். "சீட்டு இருக்கு, கவலப்படாதீங்க. பிளேன் அஞ்சரைக்கு."

இருக்கிறது! லூயிஸின் மனசு பிளேனுக்கு முந்திப் பறந்தது. நாளைக்கு இந்நேரம் பேத்தி மடியில் இருப்பாள். மகள் திட்டுவாள், திட்டட்டும். கடிதத்தை நீட்டினார். குணாளன் வைத்த முத்திரை பளிச்சென்று இருந்தது. சாந்தினி படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"ஐசி குடுங்கய்யா."

கொடுத்தார். எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். லூயிஸைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா, சீட்டு இல்லையா?" என்று லூயிஸ் பதறினார். பக்கிரிசாமி மலர்வளையத்தோடு முன்னால் வந்து நின்றார். கமருஸ்ஸமான் மெதுவாக இரண்டு அடி பின்னால் போனார்.

"சீட்டு இருக்குங்கய்யா… நீங்க ரிங்லெட் லூயிஸ் அந்தோணிசாமிதானே?"

"ஆமாம்மா."

"வீட்டுக்காரம்மா பேரு பிலோமியா?"

"ஆமா! ஏன், அவளுக்கு என்ன ஆச்சு?"

சாந்தினி எழுந்து நின்று, ஐசியை இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லைங்கய்யா, நீங்கதான் செத்துட்டீங்க, நேத்து சாயங்காலம் இதே கவுண்டர்ல ஒங்க சாவுக்குன்னு சீட்டு வாங்கி அவங்க கூச்சிங் போய்ட்டாங்க, அவங்க அழுத அழுகையப் பாத்து நானும்ல சேர்ந்து அழுதேன்!"