தலைக்கு வழி வைக்காத சட்டை

குழந்தையின் தலையைக் கழற்றி மாட்ட முடியாது என்பது உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு அது இருபத்தாறாவது வயதில், ராசிபுரம் பக்கத்தில் ஒரு குலதெய்வக் கோயிலில், உறவுக்காரர்கள் நிறைந்த பந்தலில்தான் தெரிந்தது. முட்டாள்தனம் எல்லாரிடமும் கொஞ்சம் உண்டு. ஆனால் இப்படி நல்ல நேரம் பார்த்து, ஊரைக் கூட்டி வைத்து வெளிப்படுகிற முட்டாள்தனம் எல்லாருக்கும் வாய்த்துவிடாது.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு குஷன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில் எங்கள் கடை. டிரைவர் சீட்டுக்கு ஃபோம் வைத்து, ரெக்ஸின் உறை தைத்து மாட்டுவது என் தொழில். சுருக்கம் விழாமல் உறை போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. (கொஞ்சம் என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். என் காதில் அது நிறைய என்று விழுந்தது.)

அக்காவை ராசிபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, யாழினி. பெயர் வைத்த அன்று, தாய்மாமன் என்கிற கெத்தோடு நான் ஒரு கவுன் வாங்கிப் போயிருந்தேன். ஜரிகை, சமிக்கி, இடுப்புக்குப் பின்னால் வலையில் பெரிய பூ என்று அந்தக் கடையிலேயே அதிகம் மினுமினுத்த கவுன் அது. போட்ட கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கழுத்தும் கையிடுக்கும் சிவந்து தடித்துவிட்டன. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு ஒன்றே ஒன்று சொன்னார்.

“மாமன் ஊட்டுத் துணி இந்தப் புள்ளைக்கு ஆகறதில்லீங்க.”

அவர் அதைக் கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அந்த வீட்டிலேயே குடியேறிவிட்டது. குழந்தைக்குச் சளி பிடித்தாலும், வயிறு சரியில்லை என்றாலும், பார்க்க வந்தவர்கள் யாராவது அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டுக் கேட்டு அக்கா நொந்துபோயிருந்தாள்.

இந்த நிலையில்தான் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். அக்கா போன் செய்தாள்.

“மொட்டை அடிச்சுக் குளிக்க வெச்சதும், உன்ற துணியத்தான் புள்ளைக்குப் போடோணும். அந்தத் துணியோட உன்ற மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்துவாங்க. இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா, மாமன் ஊட்டுத் துணி ஆகாதுங்கற பேச்சு காலத்துக்கும் நின்னுபோயிரும் சாமி. மெத்துனு நல்ல பருத்தியா பாத்து எடுத்துட்டு வா.”

‘சரிக்கா’ என்று சொல்லிவிட்டு நான் கடைவீதிக்குப் போயிருக்க வேண்டும். என் வாய் அப்படிச் செய்யவில்லை.

“எடுக்கறது எதுக்குக்கா? நானே தெச்சுக் கொண்டு வாரேன்.”

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“நீ லாரி சீட்டுக்கல்ல தெக்கற?”

“எல்லாம் ஒரே மிஷின்தான். அளவ மட்டும் சொல்லு.”

மார்பு, இடுப்பு, கை, தொடை, கழுத்து என்று நான் கேட்ட அளவையெல்லாம் அக்கா அளந்து அனுப்பினாள். கேட்காத அளவை அவள் ஏன் அனுப்பப் போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. ஓனரிடம் சாவி வாங்கிக்கொண்டு, மஞ்சளில் சின்னப் பூப் போட்ட பருத்தி மல் துணியோடு காலையிலேயே போய் உட்கார்ந்தேன். போனில் ஒரு வீடியோ. அதில் ஒரு பெண், கழுத்திலிருந்து தொடைவரை ஒரே துணியாக இருக்கும் ரோம்பர் என்ற உடுப்பை வெகு சுலபமாகத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் துணியை நாலாக மடித்தார். நானும் நாலாக மடித்தேன். அவர் வெட்டினார். நானும் வெட்டினேன். ‘மடிப்புப் பக்கம் மட்டும் கத்திரி பட்டுவிடக் கூடாது’ என்று அவர் சொன்னபோது நான் மடிப்புப் பக்கத்தை வெட்டி முடித்திருந்தேன். முன்பக்கம் ஒன்று வரவேண்டிய இடத்தில் அரைஅரையாக இரண்டு வந்தது. அதைச் சேர்த்துத் தைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கமும் பின்பக்கம் மாதிரியே இருந்தது. வீடியோவைப் பின்னால் ஓட்டினேன். அந்தப் பெண்ணின் இடதுபக்கம் எனக்கு இடதா வலதா என்று யோசித்ததில் தலை சுற்றியது. டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எது முன்பக்கம் என்று முடிவு செய்து வைத்திருந்ததும் மறந்துபோயிருந்தது.

வீடியோவை அணைத்துவிட்டேன். தெரிந்த தொழிலை விட்டுவிட்டு யாரோ சொல்வதைக் கேட்பானேன் என்று ஒரு வீறாப்பு வந்தது. சீட்டுக்குத் தைப்பதைப்போலவே தைத்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சீட்டு உறையில் திறந்த ஓரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எலாஸ்டிக் போடுவோம். அளவுக்கு மேல் துளி விட்டாலும் சுருக்கம் விழும் என்பதால் இறுக்கமாகத்தான் போடுவோம். உறையின் திறப்பு அடிப்பக்கம் இருக்கும். மேலிருந்து கீழே இழுத்து மாட்டிவிட்டு அடியில் பூட்டிவிடுவோம். முக்கியமான விஷயம், சீட்டில் தலை சாய்க்கும் பகுதி தனி. இரண்டு கம்பியோடு அதைக் கையால் உருவி எடுத்துவிடலாம். உடம்புக்கு உறை மாட்டும்போது தலை அங்கே இருக்காது. அதற்குத் தனி உறை போட்டு, எல்லாம் முடிந்ததும் மேலே சொருகுவோம்.

அந்தப் பழக்கத்தில் யாழினியின் கழுத்து அளவுக்கு, துளியும் கூடாமல், அருமையாக ஒரு கழுத்து வைத்தேன். இரண்டு கை, இரண்டு கால், ஒரு கழுத்து. ஐந்து ஓட்டைகளுக்கும் எலாஸ்டிக். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அடியில் வெல்க்ரோ வைத்து ஒரு நீளத் திறப்பு. குழப்பம் வரக்கூடாது என்று பட்டறை வழக்கப்படி ஓரங்களில் சாக்பீஸால் க, கை, கா என்று எழுதியும் வைத்தேன். மாட்டிப் பார்க்கக் குழந்தை இல்லாததால் ஒரு ஃபோம் உருளையில் மாட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. (ஃபோம் உருளைக்கும் தலை கிடையாது.) எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

கோயிலுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் அம்மா சாதாரணமாகச் சொன்னார்:

“புதுத்துணி அப்படியே போடக்கூடாதுன்னு அலசி மஞ்ச வெச்சேன். ஓரமெல்லாம் சாக்பீஸா இருந்துச்சு. நல்லாத் தேச்சு எடுத்துட்டேன்.”

“செரிம்மா” என்றேன். அதில் ஒரு ஆபத்து இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கோயிலில் மொட்டை அடிக்கும்போது யாழினி என் மடியில்தான் இருந்தாள். அழுகைக்கு நடுவே, இந்த அநியாயத்துக்கெல்லாம் மூலகாரணம் இந்த ஆள்தான் என்று முடிவு செய்துவிட்டதுபோல என்னையே முறைத்துப் பார்த்தாள். பிறகு குளிக்க வைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பந்தலுக்குப் பின்னால் வேட்டி கட்டி மறைத்த இடத்துக்கு அக்காவும் அம்மாவும் துணி மாற்றத் தூக்கிப்போனார்கள். நான் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு, காலி மடியோடு உட்கார்ந்தேன். எதிரே காது குத்தும் ஆசாரி தயாராக இருந்தார். வேட்டி மறைப்புக்குப் பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

“இதுதான் கழுத்துங்களாம்மா?”

“அது கையாட்டத் தெரியுது.”

“கைன்னா இன்னொரு கை எங்கீங்க?”

“இதா.”

“அது காலு. இப்பத்தான் அதுல கால உட்டு எடுத்தேன்.”

ஆசாரி என்னைப் பார்த்தார். “நேரம் போயிட்டிருக்குதுங்க” என்றார். நான் வானத்தைப் பார்த்தேன்.

“டேய், இங்க வா” என்று அக்கா கூப்பிட்டாள்.

போனேன். உடுப்பை என் கையில் கொடுத்தாள். திருப்பினேன். கவிழ்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லா ஓட்டைகளும் ஒன்றுபோல என்னைப் பார்த்தன. ஒன்றைக் காட்டி, மிகுந்த தைரியத்தோடு, “இதுதான் கழுத்து” என்றேன். தலை போகவில்லை. “அப்ப இது.” அதிலும் போகவில்லை. “இது கழுத்தாத்தான் இருக்கோணும், மத்ததெல்லாம் பாத்தாச்சு.” அதிலும் போகவில்லை.

“நீதானே தெச்ச?” என்றார் அம்மா.

“நாந்தான்.”

“உனக்கே தெரியலியா?”

“சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தேன்.”

அம்மா உடனே குழந்தையின் தலையில் கலைந்த சந்தனத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. கீழ்த் திறப்பு வழியாகக் குழந்தையை உள்ளே விட்டாள். கை இரண்டும் கையில் வந்தன. கால் இரண்டும் காலில் வந்தன. தலை மட்டும் வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிட்டது. தலை இல்லாத ஒரு மஞ்சள் பூப்போட்ட பை, கை கால்களை ஆட்டிக்கொண்டு அக்காவின் கையில் இருந்தது. பயந்துபோய் அதற்குள் எட்டிப் பார்க்கப் போனோம். உள்ளே இருந்து கெக்கெக்கே என்று சிரிப்புச் சத்தம். காலையிலிருந்து அழுத குழந்தை, ஒளிந்து விளையாடுகிறோம் என்று நினைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சான் எட்டிப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர், சாதுவான மனிதர்.

“என்னங்க இவ்ளோ நேரம்? புள்ள எங்க?”

“இதுக்குள்ள இருக்குது” என்றாள் அக்கா.

“தல எங்க?”

“அதைத்தானுங்க மச்சான் தேடிட்டிருக்கறோம்” என்றேன் நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் அத்தை வந்து நின்றார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. இந்தத் தடவை துணி ஆகவில்லை என்பதுகூட இல்லை, துணியை விட்டுக் குழந்தையின் தலையே வெளியே வரவில்லை. அந்தப் பழைய வாக்கியத்தை அவர் இப்போது பந்தலில் ஒரு முறை சொன்னால் போதும். அக்கா அந்த வீட்டில் இருக்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். செய்தது நான், சுமக்கப் போவது அவள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை குழந்தையை வாங்கி, கீழ்ப்பக்கமாக உடுப்பை உருவினார். சந்தனம் முழுக்க உடுப்பின் உள்பக்கத்துக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க தம்பி, தலைக்கு அளவெடுக்கலீங்களா?”

“சீட்டுக்குத் தல தனியா வருமுங்க அத்தை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண் எடுத்த குடும்பத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ. பிறகு கையை நீட்டி, என் தோளில் கிடந்த புதுத் துண்டை உருவினார். குழந்தையை அதில் சுற்றி, நுனியை மார்புக்கு நடுவே செருகினார். என் கையில் கொடுத்து, “போய் உக்காருங்க” என்றார்.

போய் உட்கார்ந்தேன். பந்தலில் ஒரு பெரியம்மா சத்தமாகக் கேட்டார், “மாமன் ஊட்டுத் துணி எங்கீங்க, காணமே?”

“இதா சுத்தியிருக்கறது மாமன் துண்டுதானுங்க” என்றார் அத்தை. “மெத்துனு இருக்குது. புள்ளைக்கு நல்லா ஆகுது.”

விஷயம் என்னவென்றால், அந்தத் துண்டை அன்று காலையில் தாய்மாமன் மரியாதைக்காக என் தோளில் போட்டதே அத்தைதான். அது அந்த வீட்டில் எடுத்த துண்டு. அவர் போட்டதைப் பந்தலில் பாதிப்பேர் காலையிலேயே பார்த்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆசாரி குத்தினார். யாழினி என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவளோடு சேர்ந்து நானும் கொஞ்சம் அழுதேன். காது குத்தும்போது தாய்மாமன் அழுவது எங்கள் பக்கத்தில் புதிது என்று பிறகு சொன்னார்கள்.

அந்தப் பழைய பேச்சு அன்றோடு ஓய்ந்தது. அத்தையே ‘ஆகுது’ என்று சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்? ஆனால் என் உடுப்பு ஓயவில்லை. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது அடுப்படியில் மிக்ஸி மஞ்சள் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு நின்றது. ஒரு கை வழியாக வேகம் கூட்டும் திருகு எட்டிப் பார்த்தது. ஒரு கால் வழியாக வயர் போயிருந்தது. சுருக்கமே இல்லை.

“கரப்பான் அண்டறதில்லீங்க தம்பி, நல்லா தெச்சிருக்கீங்க” என்றார் அத்தை. பாராட்டா கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போது எனக்குச் சொந்தக் கடை. யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கு விசேஷம் வந்தாலும் இந்தக் கதையை யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு ஆள் மஞ்சள் பையாக நடிக்க, ஒரு ஆள் மச்சானாக வந்து ‘தல எங்க’ என்று கேட்பார். போன மாதம் ஒரு வளைகாப்பில் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, யாழினி எழுந்து என் பக்கம் வந்து நின்றாள். எல்லாரையும் பார்த்துக் கோபமாகச் சொன்னாள்:

“மாமா கரெக்டாத்தான் தெச்சாங்க. அது மிக்ஸிக்குத் தெச்சது. அம்மாதான் தெரியாம எனக்குப் போட்டுட்டாங்க.”