சம்பந்தி சூப்

அலுவிகாரையில் புதிதாகத் திறந்த நூடுல்ஸ் சூப் கடையின் வாசலில், போவோர் வருவோர் பார்க்க, ஸரீனா தன் கணவரின் சட்டைப் பையைச் சோதனை போட்டாள்.

"எடுங்க வெளிய. மிளகுப் பொட்டலம் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"சாம்பிள் புள்ள. வியாபாரின்னா வச்சிருக்க மாட்டானா?"

பொட்டலம் ஸரீனாவின் கைப்பைக்குள் போனது.

மர்சூக் மாத்தளையில் மிளகு, கராம்பு, ஏலக்காய் வியாபாரி. ஆள் நல்லவர், நாக்குத்தான் பொல்லாதது. மகன் இன்ஷாபுக்குப் பேசிய முதல் சம்பந்தம், பெண் வீட்டுப் புரியாணியில் போட்ட கராம்பு பழசு என்று இவர் சொன்னதில் முறிந்தது. இரண்டாவது, வட்டலப்பம் என்ற இனிப்பில் ஏலக்காயைத் தேடியதில் போயிற்று. மூன்றாவதுதான் தம்புள்ளை மரக்கறி மொத்த வியாபாரி மக்கீன் ஹாஜியாரின் மகள் ஆதிபா. ஒரு தரம் பார்த்ததிலேயே இன்ஷாபுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் என்றார் கல்யாணத் தரகர் இத்ரூஸ் நானா. பெரியவர்கள் வெளியில் சேர்ந்து சாப்பிட்டுப் பேசட்டும் என்று இந்தக் கடையைத் தெரிவு செய்ததும் அவரேதான்.

"வாப்பா, இன்னைக்கு மட்டும்," என்றான் இன்ஷாப். "எதக் குடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

மர்சூக் மகனின் தோளில் கை வைத்தார். "வல்லாஹி, ஒரு கொறையும் சொல்ல மாட்டேன் மவன்."

உள்ளே மக்கீன் ஹாஜியார் வெள்ளைச் சட்டையில், மனைவியும் மகளும் பக்கத்திலிருக்கக் காத்திருந்தார். சலாம் சொல்லி அமர்ந்ததும் கடை முதலாளி அன்ஸாப் தானே வந்து சூப்பைப் பரிமாறினார். இத்ரூஸ் நானா மட்டும், "எனக்கு வயிறு சரியில்ல, பிளேன்டீ போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மர்சூக் ஒரு கரண்டி குடித்தார். உப்பில்லை. உறைப்பில்லை. கோழியை அதில் குளிப்பாட்டிவிட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள் போலிருந்தது. நூடுல்ஸ் களியாகக் குழைந்திருந்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் அதே சூப்பை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. நாக்கில்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்பிடி?" என்றார் ஹாஜியார்.

"மாஷா அல்லாஹ்!" வார்த்தை சரியாகத்தான் வந்தது. முகம்தான் கோணிக்கொண்டது.

ஸரீனா குறுக்கே விழுந்தாள். "இவருக்கு ரொம்பப் புடிச்சா மொகம் இப்பிடித்தான் போகும்!"

"அப்பிடியா? அன்ஸாப், இவருக்கு இன்னொரு கோப்பை!"

இப்போது மர்சூக்கின் முன்னால் இரண்டு கோப்பைகள். அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஸரீனா சோதனை போடாத இடம் ஒன்று இருந்தது. தலையைச் சொறிவதுபோல் தொப்பியைக் கழற்றி, அதன் மடிப்பிலிருந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்தார். மேசைக்குக் கீழே வைத்துப் பிரித்து, எல்லோரும் ஆதிபாவின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோப்பைக்கு மேலே தூவினார்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதை அவர் யோசிக்கவில்லை.

முதலில் தும்மியவர் ஹாஜியார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மற்றவர்கள் "யர்ஹமுகல்லாஹ்" சொல்வதற்குள் அவர் மனைவி தும்மினார், பிறகு ஸரீனா, ஆதிபா, இன்ஷாப். யார் தும்மியது, யார் துஆச் சொல்வது என்று கணக்கே இல்லாமல் போயிற்று. ஹாஜியாரின் ஐந்தாவது தும்மலில் அவருடைய கோப்பை கவிழ்ந்து, வெள்ளைச் சட்டையில் நூடுல்ஸ் தோரணம் தொங்கியது.

ஹாஜியார் மெதுவாகக் குனிந்து, மர்சூக்கின் கை நழுவிக் கீழே கிடந்த பொட்டலத்தை எடுத்தார். "என்ன இது?"

இன்ஷாப் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் மர்சூக்குக்கு மறைக்க மனம் வரவில்லை.

"மிளகு, ஹாஜியார். எல்கடுவப் பக்கத்து மிளகு. மன்னிச்சிருங்க. என் நாக்கப் பாத்து என் மவன வேணாம்னு சொல்லிராதீங்க, அவன் தங்கமான புள்ள. ஆனா இதப் போய் நல்ல சூப்புன்னு இன்னொரு தரம் என்னால பொய் சொல்ல ஏலாது."

ஹாஜியார் மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? நானும் அரை மணித்தியாலமா இதத்தான் மென்னு முழுங்கிட்டு இருக்கேன்! சூப்புல போட்ட இந்தக் கரட்ட மாட்டுக்குப் போட்டாக்கூட மொறைக்கும்." பிறகு மர்சூக்கிடம் குனிந்தார். "மிளகு இன்னும் இருக்கா?"

ஸரீனா கைப்பையைத் திறந்தாள்.

அன்ஸாப்பிடம் இரண்டு பெரிய தட்டங்கள் கேட்டு வாங்கினார்கள். கோப்பைகளை எல்லாம் அவற்றில் கவிழ்த்துக் கொட்டி, மிளகைத் தூவி, தேசிக்காய் பிழிந்து, பலர் ஒரே தட்டில் உண்ணும் கல்யாண வீட்டுச் சஹன் போல ஆண்கள் ஒரு தட்டத்தைச் சுற்றியும் பெண்கள் ஒரு தட்டத்தைச் சுற்றியும் உட்கார்ந்தார்கள். நூடுல்ஸ் விரலிடுக்கில் வழுக்கியது, சூப் முழங்கை வரை வழிந்தது. கையில் அள்ளியதைவிட வாயில் திட்டியது அதிகம். உப்புக்கு ஒருவர், கோழிக்கு ஒருவர் என்று முறைபோட்டுத் திட்டினார்கள். ஆதிபா வாய்விட்டுச் சிரித்தாள். இன்ஷாப் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு சாப்பிடவே மறந்து போனான்.

தட்டம் காலியானபோது, "பெருநாள் கழிஞ்ச கையோட நிக்காஹ்," என்றார் ஹாஜியார். "சாப்பாட்டுக்கு மரக்கறி நான், மசாலா நீங்க. சரியா சம்பந்தி?"

மர்சூக்குக்குக் கண் கலங்கியது. மிளகு பட்டுவிட்டது என்று சமாளித்தார்.

வீட்டார் வேனில் ஏறிய பிறகுதான் மர்சூக்குக்குத் தொப்பியின் ஞாபகம் வந்தது. எடுத்துவரத் திரும்பி ஓடினார். இத்ரூஸ் நானா முன்னால் ஆவி பறக்கும் ஒரு கோப்பை இருந்தது. மிளகும் இஞ்சியும் மணக்கும் சூப்பை அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டியபடி அன்ஸாப் கேட்டார்:

"நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தரும் வாயில வைக்க ஏலாதபடி ஆக்கிக் குடுத்துட்டேன் நானா. வெள்ளிக்கிழமை வார ரெண்டு குடும்பத்துக்கும் இதே அளவா, இல்ல இன்னும் கொஞ்சம் மோசமாவா?"